அரசியல் சண்டைன்னு ஆரம்பிச்சு கடைசியில திருநங்கைகளைத் திட்டுறதுல முடியுது, குரூப் அட்மினா நான் என்ன பண்ணணும்?

திண்டுக்கல்_98:

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிச்சுட்டு குரூப் நடத்துன அனுபவம் உள்ளவங்க ஒரு வழி சொல்லுங்க, ரெண்டு வாரமா சரியா தூக்கமே இல்ல.

நாங்க 98ல பிளஸ் டூ முடிச்ச செட்டு. வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு பத்து வருசத்துக்கு மேல ஆச்சு, 186 பேரு இருக்கோம், நானும் இன்னும் ரெண்டு பேரும் அட்மின். குட் மார்னிங், பிறந்தநாள், யாராவது தவறிட்டா கண்ணீர் அஞ்சலி, பிள்ளைங்க காலேஜ் சீட்டு, இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

எங்க செட்டுல ஒருத்தங்க திருநங்கை. பன்னெண்டாவது பரீட்சை முடிஞ்ச கையோட வீட்டை விட்டுப் போனவங்க, இருபது வருசம் எங்க இருக்காங்கன்னே யாருக்கும் தெரியாது. 2019ல எங்க கணக்கு சார் ரிட்டயர்மெண்ட் விழாவுக்கு பட்டுச் சேலை கட்டிட்டு அவங்களாவே வந்து நின்னாங்க. சார் தான் முதல்ல அடையாளம் கண்டுபிடிச்சாரு, என்ன பேரு இப்பன்னு கேட்டுட்டு அந்தப் பேரைச் சொல்லியே பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. அன்னைக்கே நான் குரூப்புல சேத்தேன். தையல் கடை வச்சிருக்காங்க, எங்க செட்டுப் பொண்ணுங்க பாதிப் பேருக்கு பிளவுஸ் அவங்க தான். ரத்தம் வேணும்னு யாராவது போட்டா நாலு பேருக்குப் போன் அடிச்சு ஆள் பிடிச்சுக் குடுக்கறதும் அவங்க தான். அவங்க ரத்தத்தை எடுத்துக்க மாட்டாங்களாம், 2017ல வந்த ரத்த தான வழிகாட்டுதல்லயே அப்படி இருக்குன்னு அவங்க சொல்லித் தான் எனக்குத் தெரியும்.

பிரச்சினை 2024 பார்லிமெண்ட் எலெக்‌ஷன்ல ஆரம்பிச்சுச்சு. ஏப்ரல் 15 திருநங்கையர் தினம், 19 நம்ம ஊர்ல ஓட்டு, அடுத்த வாரமே கூவாகம், எல்லாம் ஒரே சமயத்துல வந்து விழுந்துச்சு. ஒருத்தன் 15ஆம் தேதி காலைல ஒரு தலைவர் படம் போட்ட வாழ்த்து கார்டை ஃபார்வர்ட் பண்ணான். உடனே எதிர்க்கட்சிப் பய ஒருத்தன், ஓட்டுக்காக யார் கால்ல வேணா விழுவாய்ங்கன்னு ஆரம்பிச்சான். அதுக்கு இவன் பதில், அதுக்கு அவன் பதில், சாயங்காலத்துக்குள்ள ஒரு தலைவரை ‘ஒம்போது’ன்னு திட்டி ஸ்டிக்கர் வந்துருச்சு, தலைவர் மூஞ்சிக்கு பொட்டு வச்சு வளையல் மாட்டிவிட்ட ஸ்டிக்கர். சிரிப்பு எமோஜியா கொட்டுது. நடுவுல அவங்க ஒரே ஒரு வரி போட்டாங்க, “நானும் இங்க தான்பா இருக்கேன்”னு. அதுக்கு அவன், “உன்னையச் சொல்லலப்பா, அந்தக் கட்சிக்காரனைச் சொன்னேன்”ங்கறான். அவன் கெட்டவன் கிடையாது, அவங்க கடைக்கு வாடகை அட்வான்ஸுக்குக் காசு புரட்டிக் குடுத்தவனே அவன் தான், அதான் எனக்கு இன்னும் புரியல.

நான் அன்னைக்கு ராத்திரி பதறிப்போய் குரூப்பை அட்மின் மட்டும் மெசேஜ் போடுற மாதிரி பூட்டிட்டு, “இனி நம் குழுவில் அரசியல், மதம், திருநங்கை தொடர்பான பதிவுகளுக்கு அனுமதி இல்லை”ன்னு எழுதிப் போட்டேன். நல்லது பண்றதா நெனச்சுத் தான் போட்டேன். காலைல பாத்தா அவங்க குரூப்பை விட்டுப் போயிருக்காங்க. தனியா ஒரு மெசேஜ்: “அரசியல் ஒரு தலைப்பு, மதம் ஒரு தலைப்பு, நானும் ஒரு தலைப்பா? நான் இன்னைக்குக் காபி குடிச்சேன்னு போட்டா அது திருநங்கை தொடர்பான பதிவா இல்லையா, நீயே சொல்லு.”

என்னால பதில் சொல்ல முடியல. அந்த வரியை எடுத்துட்டேன், ஆறேழு மாசம் கழிச்சு மத்தவங்க கூப்பிட்டு மறுபடி வந்தாங்க. இப்ப திரும்பவும் கட்சிச் சண்டை. இந்தத் தடவை இன்னொரு பையன், பொண்ணு குரூப் 4 எழுதிட்டு உக்காந்திருக்கா, அவன் கேக்கறான், எங்க எம்பிசி லிஸ்ட்ல அவங்களையும் கொண்டாந்து சேத்துட்டாங்க, எங்க பிள்ளைங்க பங்கு என்னாகுறதுன்னு. அவன் கேட்டது தப்பா சரியான்னு எனக்குத் தெரியல. அதுக்குக் கீழயே நாலு பேரு அசிங்கமா எழுதிட்டாங்க. எதை டெலிட் பண்றது எதை விடுறது? டெலிட் பண்ணா கருத்துச் சுதந்திரம்ங்கறாங்க, அட்மின் அந்தக் கட்சிக்காரன்ங்கறாங்க, விட்டா அவங்க மறுபடி போயிருவாங்க. இன்னொரு அட்மின் பயப்படுறான், யாராவது கேஸ் குடுத்தா ஐடி சட்டம் 66ஏ பிரிவு போட்டு அட்மினைத் தூக்கிட்டுப் போயிருவாங்கன்னு. அது உண்மையா?


கோவை_பிளாக்சி:

அண்ணா, நான் கோயம்புத்தூர்ல அப்பார்ட்மெண்ட் அசோசியேஷன் குரூப் பாத்துக்கறேனுங்க. எங்க வழி சுலபம், தண்ணி லாரி, லிஃப்ட், மெயின்டனன்ஸ், இதைத் தவிர எதுவுமே கூடாதுங்க. பொங்கல் வாழ்த்து கூட ஒரு நாளைக்குத் தான் விடுவோம். கட்சி பத்தி யாராச்சும் போட்டா ஒரு வார்னிங், ரெண்டாவது தடவை ரிமூவ். அதனால உங்க முதல் ரூலு எனக்குத் தப்பாப் படலைங்க, அதுல திருநங்கைன்னு எழுதுனது தான் தப்பு.

ஆனா ஒண்ணைச் சொல்லியே ஆகணுங்க. போன வருசம் மூணாவது மாடில ஒரு திருநம்பி, அதாவது பொண்ணா பொறந்து ஆணா வாழறவரு, வாடகைக்கு வந்தாருங்க, ஐடி கம்பெனில வேலை. வந்து பத்து நாள்ல குரூப்புல ஒரு மெசேஜ், “ஃபேமிலி இருக்கற இடம், செக்யூரிட்டி கருதி வாடகைக்கு விடறவங்க யோசிச்சு விடணும்”னு. பேரு இல்ல, கெட்ட வார்த்தை இல்ல, அரசியல் இல்ல. செக்யூரிட்டின்னா அது அசோசியேஷன் சமாச்சாரம் தானுங்க, எங்க ரூலுக்குள்ள அட்டகாசமா பொருந்துது. எல்லாருக்கும் யாரைச் சொல்றாங்கன்னு தெரியும். இருபத்தெட்டு பேரு தம்ஸ் அப். நான் அதை டெலிட் பண்றதுக்கு மூணு மணி நேரம் யோசிச்சேனுங்க, ஏன்னா எந்த ரூல்ல டெலிட் பண்றேன்னு கேட்டா சொல்ல எங்கிட்ட ரூலே இல்ல. அவரு அந்த மூணு மணி நேரமும் அதைப் பாத்துட்டுத் தானே இருந்திருப்பாரு. அப்புறம் ஜெனரல் பாடி மீட்டிங்ல எழுந்து, அந்த வீட்ல இருந்து ஒரு நாளாவது சத்தம் வந்துச்சா, மெயின்டனன்ஸ் பாக்கி இருக்கா, வேற என்ன செக்யூரிட்டின்னு கேட்டேன், யாரும் வாயைத் திறக்கல. இப்பவும் அவரு இருக்காருங்க, ஆனா குரூப்புல ஒரு வார்த்தை போடறதில்ல.

அதனால தலைப்பைத் தடை பண்றது எங்க மாதிரி இடத்துக்கு நேரத்தை மிச்சம் பண்ணுது, அவ்ளோதானுங்க, ஆளைக் காப்பாத்தலைங்க.


வேலூர்க்காரி:

நான் திருநங்கை தான், அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன் தம்பி.

முதல்ல அரசியல் பேசவே கூடாதுன்னு சொல்லாதீங்க. எங்களுக்குத் தான் அரசியல் ரொம்ப வேணும். நாங்க யாரு, எங்க பேரு என்ன, எந்த க்யூவுல நிக்கணும்ங்கறது எல்லாமே ஆர்டர்லயும் சட்டத்துலயும் தான் வந்துச்சு. 2014ல சுப்ரீம் கோர்ட், ஒருத்தர் தன்னை என்னவா உணர்றாங்களோ அது தான் அடையாளம்னு சொல்லிச்சு. 2019ல வந்த சட்டம், கலெக்டர் கிட்ட போய் சர்டிபிகேட் வாங்குன்னு சொல்லிச்சு. அதை எதிர்த்து ரோட்ல உக்காந்தது நாங்க தான். அப்ப உங்க குரூப்புல அரசியல் கூடாதுன்னா உங்க ஃபிரண்டு அதைப் பத்திக் கூட பேச முடியாதில்ல? திட்டுனவனுக்கும் திட்டு வாங்குனவங்களுக்கும் சேத்து ஒரே பூட்டைப் போடுறீங்க.

இந்தக் கட்சி அந்தக் கட்சின்னு சண்டை போடுறவங்களுக்கும் ஒரு விஷயம் சொல்லுங்க. 2008ல எங்களுக்கு நல வாரியம் வந்தது திமுக ஆட்சியில. 2019 சட்டம் பாஜக அரசு கொண்டு வந்தது. அப்சரா ரெட்டி காங்கிரஸ்ல மகளிர் அணி தேசியப் பொறுப்புல இருந்தாங்க, அதிமுகவுல செய்தித் தொடர்பாளரா இருந்தாங்க. எங்க ஊர் கார்ப்பரேஷன்ல 2022ல கங்கா திமுக டிக்கெட்ல நின்னு கவுன்சிலரா ஜெயிச்சாங்க, அன்னைக்கு நாங்க ஆடுன ஆட்டம் இன்னும் கண்ணுல நிக்குது. எல்லாக் கட்சியிலயும் நாங்க இருக்கோம், அதனால எந்தக் கட்சிக்காரனைத் திட்ட எங்க பேரை எடுத்தாலும் அது எங்க மேல தான் விழும்.

அந்த ‘ஒம்போது’ விஷயத்துக்கு வரேன். உங்களுக்கு ஏன் புரியலன்னா, அந்தப் பையன் நிஜமாவே உங்க ஃபிரண்டை நெனச்சுச் சொல்லல. அது தான் கொடுமையே. ஒரு ஆம்பளையைக் கேவலப்படுத்தணும்னா நம்ம ஊர்ல எடுக்கற முதல் கல்லு நாங்க. வளையல் போட்டுக்கோ, சேலை கட்டிக்கோ, பொட்டு வச்சுக்கோ. மேடையில பேசுறவங்களே அப்படித் தானே பேசுறாங்க, கீழ இருந்து விசில் அடிக்கறாங்க. இதைத் தனியா எங்களைத் திட்டுற பதிவுன்னு தேடுனா உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது, எல்லாம் கட்சிப் பதிவுக்குள்ள தான் இருக்கும். எந்த வார்த்தையையும் தடை பண்ணியும் பிடிக்க முடியாது தம்பி. நான் இருக்கற ஒரு ஃபேஸ்புக் குரூப்புல அந்த வார்த்தையை ஃபில்டர்ல போட்டாங்க, மறுநாளே வெறும் நம்பரா போட்டான், அப்புறம் கடிகாரத்துல ஒம்பது மணி எமோஜி. நம்பரைத் தடை பண்ணுனா ரேஷன் கடை டைம் கூட போட முடியாது. ஆளு உக்காந்து படிச்சுத் தான் ஆகணும்.

இன்னொண்ணு, யாருமே எழுத மாட்டாங்க, நான் எழுதுறேன். குரூப்புல இப்படி ஒரு சண்டை நடந்த ராத்திரி எனக்கு இன்பாக்ஸ் நிறையும். ஆறுதல் சொல்ற மாதிரி ஆரம்பிச்சு, ஆபரேஷன் பண்ணிட்டியா, எவ்ளோ வாங்குற, போட்டோ அனுப்புன்னு போகும். குரூப்புல எனக்காக நல்லவனா பேசுனவனே உள்ள வந்து அப்படிக் கேட்டுருக்கான். வாட்ஸ்அப் குரூப்புல நம்பர் எல்லாருக்கும் தெரியுதில்ல. நீங்க வெளியில ஸ்டிக்கரை டெலிட் பண்ணிட்டு முடிஞ்சுதுன்னு படுத்துருவீங்க. உங்க ஃபிரண்டு கிட்ட ஒரு தடவை கேளுங்க, தனியா யாராவது மெசேஜ் போட்டாங்களான்னு. கட்டாயப்படுத்தாம கேளுங்க. அப்படிப் போட்டவனுக்கு வார்னிங்கே குடுக்காதீங்க, நேரா வெளிய.


நடுநிலை_தஞ்சை:

நான் கொஞ்சம் மாத்திச் சொல்றேன், திட்டாதீங்க. எனக்கு யார் மேலயும் வெறுப்பு கிடையாது. ஆனா இப்பல்லாம் ஒரு கேள்வி கேட்டாலே வெறுப்புன்னு சொல்லிடறாங்க. வயசுக்கு வராத பிள்ளைங்களுக்கு ஆபரேஷன், மாத்திரை பத்திக் கேட்டா தப்பு. பொண்ணுங்க ஓட்டப் பந்தயத்துல யார் ஓடலாம்னு கேட்டா தப்பு. எனக்கு ரெண்டு பொண்ணு, ஒருத்தி மாவட்ட அளவுல ஓடுறா, நான் கேக்காம வேற யாரு கேப்பா? நம்ம புதுக்கோட்டை சாந்தி விஷயத்துலயே பாருங்க, ஏசியன் கேம்ஸ்ல மெடலைப் புடுங்கிட்டாங்க. அட்மின் இதையெல்லாம் டெலிட் பண்ணா மக்கள் வேற குரூப்புல போய் இன்னும் மோசமா பேசுவாங்க, அது தான் நடக்கும்.


வேலூர்க்காரி:

தஞ்சை அண்ணே, உங்க பொண்ணைப் பத்தின கவலை நியாயம், அதைக் கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு, நான் அட்மினா இருந்தா அதை டெலிட் பண்ண மாட்டேன். ஆனா சாந்தி சௌந்தரராஜன் பேரை இங்க கொண்டு வந்தீங்க பாருங்க, அங்க நில்லுங்க. அவங்க திருநங்கை கிடையாது. பொண்ணா பொறந்து பொண்ணாவே வளந்தவங்க, செங்கல் சூளைல வேலை பாத்த குடும்பம், 2006ல தோஹாவுல 800 மீட்டர்ல வெள்ளி ஜெயிச்சுட்டு வந்தாங்க, பாலின பரிசோதனைன்னு ஒண்ணை வச்சு மெடலை வாங்கிட்டாங்க. அது வேற கதை, உடம்பு அமைப்புல பிறவியிலயே வர்ற வித்தியாசம் பத்தினது. ரெண்டையும் ஒண்ணாக் குழப்பி அந்தப் பொண்ணை ஊரே என்னென்ன பேசுச்சு. நீங்க வேணும்னு சொல்லலன்னு தெரியுது, ஆனா பாருங்க, நியாயமான கேள்விக்குள்ளயே ஒரு ஆளைத் தப்பா அடையாளம் சொல்லிட்டீங்க. டெலிட் பண்றதுக்கு முன்னாடி திருத்துறதுக்கு ஒரு ஆள் வேணும்ங்கறது இதுக்குத் தான்.


நடுநிலை_தஞ்சை:

அந்த விவரம் எனக்குத் தெரியாதும்மா. நான் இத்தனை வருசமா வேற மாதிரி தான் நெனச்சிட்டிருந்தேன். அந்த வரியை வாபஸ் வாங்கிக்கறேன். என் கேள்வி கேள்வி தான், அதை மாத்திக்கல.


கோர்ட்டு_வராண்டா:

மதுரையில ஜூனியர் வக்கீலா இருக்கேன், சட்டம் சம்பந்தமா கேட்டதுக்கு மட்டும் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

66ஏ இப்ப கிடையவே கிடையாது. ஸ்ரேயா சிங்கால் வழக்குல 2015 மார்ச் 24ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தப் பிரிவையே ரத்து பண்ணிருச்சு. அதுக்கப்புறமும் சில ஸ்டேஷன்ல பழக்க தோஷத்துல எஃப்ஐஆர்ல எழுதிக்கிட்டு இருந்தாங்கங்கறது வேற விஷயம், சட்டப்படி நிக்காது.

அட்மின் பொறுப்புக்கு நம்ம ஹைகோர்ட் மதுரைக் கிளையிலயே தீர்ப்பு இருக்கு. கரூர்ல வக்கீலுங்க குரூப் ஒண்ணு, அதுல ஒருத்தர் போட்ட பதிவுக்கு அட்மினா இருந்த வக்கீல் மேலயும் கேஸ். 2021 டிசம்பர்ல, அவரு அட்மினா மட்டும் தான் இருந்தாரு வேற எதுவும் பண்ணலன்னு விசாரணைல தெரிஞ்சா சார்ஜ்ஷீட்ல பேரைச் சேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க. மும்பை ஹைகோர்ட் நாக்பூர் கிளையும் அதே வருசம், கேரளா ஹைகோர்ட் 2022லயும் இதே வழியில தான் போனாங்க, மெம்பர் பண்ணதுக்கு அட்மின் பொறுப்பு இல்லன்னு. ஆனா அட்மினே சேந்து சிரிச்சாலோ தூண்டிவிட்டாலோ கதை வேற. அப்ப நீங்க அட்மின் மட்டும் இல்ல, நீங்களும் ஒரு ஆளு. அதனால இன்னொரு அட்மின் பயப்பட வேண்டியது கேஸுக்கு இல்லைங்க, அந்த ஸ்டிக்கருக்கு அவரும் சிரிப்பு எமோஜி போட்டாரான்னு முதல்ல பாக்கச் சொல்லுங்க.

எழுதுனவனுக்கு ஒண்ணுமே ஆகாதுன்னும் நெனக்க வேணாம். 2019 சட்டத்துல 18ஆவது பிரிவுல திருநரை, அதாவது திருநங்கை, திருநம்பி எல்லாரையும், வார்த்தையால, மனசளவுல துன்புறுத்துறதையும் குற்றத்துல சேத்தாங்க, ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருசம் வரைக்கும் தண்டனை. பாலியல் கொடுமைக்கும் அதே ரெண்டு வருசம் தானான்னு அவங்களே எதிர்த்தாங்க, அந்த எதிர்ப்பு நியாயமானது தான். சிவில்லயும் வழி இருக்கு. மேல சொன்ன அப்சரா ரெட்டி அவங்களைப் பத்தி அவதூறா வீடியோ போட்ட ஒரு யூட்யூபர் 50 லட்சம் நஷ்ட ஈடு குடுக்கணும்னு 2024 ஜனவரில சென்னை ஹைகோர்ட் தீர்ப்பு குடுத்துச்சு. அரசியல்ல இருக்கறவங்க, பொது வாழ்க்கைன்னா நாலு பேரு பேசத் தான் செய்வாங்கன்னு விட்டுறல.

வார்த்தைக்கு வரேன். சென்னை ஹைகோர்ட்ல ஆனந்த் வெங்கடேஷ் ஜட்ஜ் 2021ல ஒரு வழக்கை விசாரிக்கறப்போ, எனக்கே இதுல புரிதல் பத்தாதுன்னு வெளிப்படையாச் சொல்லிட்டு ஒரு மனநல நிபுணர் கிட்ட போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்து தீர்ப்பு எழுதுனாரு. அதே வழக்கோட தொடர்ச்சியா தான் 2022ல தமிழ்நாடு அரசு மரியாதையா என்ன சொல் பயன்படுத்தணும்னு ஒரு பட்டியலைக் கெஜட்ல போட்டாங்க. திருநர்ங்கற பொதுச் சொல் எல்லாம் அதுல இருக்கு. உங்க குரூப்புல எது சரியான வார்த்தைன்னு சண்டை வந்தா அதைக் காட்டுங்க, உங்க சொந்தக் கருத்துன்னு யாரும் சொல்ல முடியாது.

எம்பிசி கேள்வி கேட்டாரே உங்க நண்பர், அவரை அசிங்கமா எழுதுன நாலு பேரோட சேத்துப் பாக்காதீங்க. 2015ல தமிழ்நாட்டுல திருநங்கைகளை எம்பிசில சேத்தது உண்மை. அதை முதல்ல எதிர்க்கறதே திருநங்கைகள் தான், ஏன்னா எஸ்சில பொறந்தவங்க, பிசில பொறந்தவங்க எல்லாரையும் ஒரே லிஸ்ட்ல தள்ளுனா அவங்க சாதி அடையாளம் என்ன ஆகுறதுன்னு. அவங்க கேக்கறது ஒவ்வொரு பிரிவுக்குள்ளயும் தனியா ஒரு பங்கு, கிடைமட்ட ஒதுக்கீடுன்னு சொல்லுவாங்க. கர்நாடகாவுல 2021ல 1 சதவீதம் அப்படிக் குடுத்துட்டாங்க. அப்படி வந்தா உங்க நண்பர் பொண்ணுக்கும் பிரச்சினை இல்ல. ரெண்டு பேரும் ஒரே பக்கம் நின்னுக்கிட்டு சண்டை போடுறாங்க, அதை யாராவது அந்தக் குரூப்புல எழுதணும், அவ்ளோதான்.


வேலூர்க்காரி:

வக்கீல் தம்பி சொன்னது சத்தியமான வார்த்தை. அந்த எம்பிசி அண்ணனை நான் கட்டிப் பிடிச்சுக் கை குடுப்பேன்.

அப்புறம் ஒரு விஷயம் விட்டுட்டேன். கூப்பிடுறது. இங்கிலீஷ்ல பேசுறவங்களுக்கு அவன் அவள் மட்டும் தான் தகராறு, நமக்கு ஒவ்வொரு வினையிலயும் வருது, வந்தான்னா ஒண்ணு, வந்தாள்னா ஒண்ணு. கூடப் படிச்சவங்க ‘டா’ போட்டுப் பேசுறதை நான் தப்பாவே எடுத்துக்க மாட்டேன், பொண்ணுங்களையும் தான் இப்ப எல்லாரும் வாடா போடான்றாங்க, அதுல பாசம் இருக்கு. ஆனா எனக்கு முன்னாடியே இன்னொருத்தன் கிட்ட என்னைப் பத்தி ‘அவன் என்ன சொல்றான்னா’ன்னு சொன்னா நெஞ்சுல ஏறும். இருபது வருசம் கழிச்சுத் திரும்பி வந்த ஆளை ஒரு எழுத்துல பழைய பெஞ்சுக்கே அனுப்பிடறாங்க. வாய் தவறி வந்தா வேற, திருத்துனா திருந்திடுவாங்க. வேணும்னே பழைய பேரு போட்டு எழுதுறான் பாருங்க, அதைத் தவறுன்னு விட்டுடாதீங்க.


திண்டுக்கல்_98:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி முழுக்க இதையே திரும்பத் திரும்பப் படிச்சேன்.

ரெண்டு விஷயம் நடந்துச்சு. அவங்களுக்குப் போன் போட்டு வேலூர் அக்கா சொன்ன மாதிரி கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, அப்புறம் மூணு பேருன்னு சொன்னாங்க. 2024லயே வந்துச்சாம், இப்பவும் வருதாம். ஏன் எங்கிட்ட சொல்லலன்னு கேட்டேன், நீ ரூல் போட்ட விதத்தைப் பாத்து உங்கிட்ட சொல்லத் தோணலைன்னாங்க. பேரு மட்டும் சொல்ல மாட்டேன்ங்கறாங்க, குடும்பம் இருக்குன்னு. ஒருத்தன் யாருன்னு எனக்குத் தெரியும்னு நெனைக்கறேன், ஆனா அவங்க வாயில இருந்து வராம நான் எதுவும் பண்ணப் போறதில்ல, இனிமே எது பண்றதா இருந்தாலும் அவங்களைக் கேட்டுத் தான். ஸ்டிக்கர் போட்டவன் கிட்டயும் நேர்ல பேசுனேன், அவன் கடையிலயே உக்காந்து. அந்த வளையல் அவங்க கைல இருக்கறதும் ஒண்ணு தானேடான்னு கேட்டேன். அவன் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் ஸ்டிக்கரை போன்ல இருந்து அழிச்சுட்டு, நான் அவ கிட்ட என்னான்னு போய்ச் சொல்றதுன்னு கேட்டான். ‘அவ’ன்னு தான் சொன்னான்.

குரூப்புல போடறதுக்கு ஒண்ணு எழுதி வச்சிருக்கேன், பாத்துச் சொல்லுங்க:

“நம் குழுவில் அரசியல் பேசலாம். கட்சி, ஆட்சி, சட்டம், இட ஒதுக்கீடு எதைப் பற்றியும் எதிர்க்கருத்து சொல்லலாம். யாரையும் திட்டுவதற்கு சாதி, மதம், ஊனம், பாலினம் ஆகியவற்றை எடுக்கக் கூடாது, அது கட்சித் தலைவராக இருந்தாலும் சரி. மூன்றாம் பாலினத்தவரையும் நம்மில் ஒருவராக மதிக்க வேண்டும். யாராவது தனியாக மெசேஜ் போட்டுத் தொல்லை கொடுத்தால் மூன்று அட்மின்களில் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம், பெயர் வெளியே வராது. அட்மின் ஒரு பதிவை நீக்கினால் ஏன் என்று போட்டவரிடம் சொல்லுவார். அட்மின் தவறு செய்தால் மற்ற இரண்டு அட்மின்கள் முடிவு செய்வார்கள்.”


கோவை_பிளாக்சி:

நல்லா இருக்குங்க. எலெக்‌ஷனுக்கு முந்தின ரெண்டு நாளு மட்டும் அட்மின் மட்டும் போடற மாதிரி வச்சுக்கங்க, அப்ப எப்படியும் பிரச்சாரம் ஓய்ஞ்ச நேரம் தான், யாரும் கட்சிக்காரன்னு உங்களைச் சொல்ல முடியாது. அப்புறம் அந்த அட்மின் மூணு பேர்ல ஒரு பொண்ணாவது இருக்காங்களாங்க? இல்லைன்னா இன்பாக்ஸ் தொல்லையை எந்தப் பொண்ணு வந்து உங்ககிட்ட சொல்லப் போறாங்க?


திண்டுக்கல்_98:

மூணு பேரும் ஆம்பளைங்க தான். இன்னைக்கே ஒருத்தங்களைக் கேக்கறேன்.


வேலூர்க்காரி:

கேளுங்க. உங்க தையல்கார ஃபிரண்டையே அட்மினா போட்டுறாதீங்க அவசரப்பட்டு, அவங்களுக்கு எல்லாரோட குப்பையையும் படிக்கற வேலை வந்து சேரும். அவங்களா ஆசைப்பட்டா வேற.

எழுதுனதுல மூன்றாம் பாலினத்தவரையும் நம்மில் ஒருவராக மதிக்கணும்னு ஒரு வரி இருக்கு பாருங்க, அதை எடுத்துருங்க தம்பி. 186 பேரு படிக்கறப்போ அந்த வரில எல்லார் கண்ணும் அவங்க பக்கம் தான் திரும்பும். அதுக்கு முந்தின வரில ‘யாரையும்’னு போட்டுருக்கீங்கல்ல, அதுக்குள்ளயே அவங்க இருக்காங்க.


திண்டுக்கல்_98:

எடுத்துட்டேன்க்கா. இப்பப் போட்டுட்டு வரேன்.